அவர் கண்டு நான் காணாதது

என் பெயர் சு. திருமலையப்பன். வயது ஐம்பது. தென்காசி வட்டாரத்துக் கல்லூரி ஒன்றில் இயற்பியல் விரிவுரையாளர். என் துறையைச் சேர்ந்தவரும் பதினெட்டு ஆண்டு நண்பருமான ஆ. சொக்கலிங்கம் சென்ற மாதம் காலமானார். ஆசிரியர் மன்ற மலருக்கு அவரைப் பற்றி எழுதித் தருமாறு என்னைக் கேட்டார்கள். ஒப்புக்கொண்ட நாளில் என்ன எழுத வேண்டும் என்பது எனக்குத் தெளிவாக இருந்தது. அதன் பிறகு தெரிய வந்த ஒன்றால் அந்தத் தெளிவு போய்விட்டது. அவரை அறிந்தவர்களாகிய உங்களிடம் நான் அவரைப் பற்றி முன்பு அறிந்ததையும் இப்போது அறிந்ததையும் சேர்த்துச் சொல்வதே இதன் நோக்கம். ஒன்றை மட்டும் சொன்னால் அது பொய்யாகிவிடும்.

செய்தி வந்தபோது நான் தேர்வு அறையில் இருந்தேன். அலுவலக உதவியாளர் இசக்கி வாசலில் நின்று கையசைத்தார். போய்க் கேட்டேன்.

"சொக்கலிங்கம் சார் போயிட்டாவளாம் சார். குளிச்சிட்டு வந்து உக்காந்தாவளாம். அப்படியே சாஞ்சிட்டாவளாம்."

தேர்வு முடிய நாற்பது நிமிடங்கள் இருந்தன. பொறுப்பாளர் அறையை விட்டுப் போகக் கூடாது என்பது விதி. நான் உள்ளே திரும்பிப் போய் நின்றேன். விடைத்தாள்களை எண்ணிக் கட்டி, முத்திரை வைத்துக் கையெழுத்திட்ட பிறகுதான் குற்றாலத்துக்குப் பேருந்து ஏறினேன். இதைக் கேட்டால் அவர் என்ன சொல்லியிருப்பார் என்று வழியெல்லாம் எனக்குக் கேட்டுக்கொண்டே இருந்தது: "சரியாத்தாம்வே செஞ்சிருக்கீரு. நான் எங்க ஓடிப் போயிரப் போறேன்?"

என்னைவிட அவர் நான்கு வயது மூத்தவர். நான் அவரை அண்ணாச்சி என்பேன். அவர் என்னைச் சார்வாள் என்பார். அதில் மரியாதை குறைவு, கேலி அதிகம்.

அணுக்கருத் துகள்களின் உள்ளுறுப்பான குவார்க்குகளில் புதுவகைக் கனத்த ஒன்று இருப்பதற்குச் சான்று கிடைத்த செய்தி எழுபதுகளின் நடுவில் எங்களை வந்தடைந்தது. ஆய்விதழ்கள் கப்பல் தபாலில் வந்த காலம். உலகம் பேசி ஓய்ந்த பிறகே நாங்கள் பேசத் தொடங்குவோம். குவார்க் எதுவும் தனித்து வெளிப்படுவதில்லை. மோதலில் பிறந்த கணத்திலேயே வெற்றிடத்திலிருந்து ஒரு துணையை உண்டாக்கிச் சேர்த்துக்கொண்டு, ஹேட்ரான் என்னும் கூட்டுத் துகளாகிவிடுகிறது. அப்படிச் சேரும்போது லேசான குவார்க் தன் உந்தத்தில் பெரும்பங்கை இழக்கிறது. கனத்த குவார்க்கோ பெரும்பங்கைத் தன்னிடமே வைத்துக்கொள்கிறது. இதை நான் கரும்பலகையில் இரண்டு வகுப்புகள் எடுத்து விளக்குவேன். அண்ணாச்சி புளியறைச் சோதனைச் சாவடிக்கு எதிரே ஒரு பரோட்டாக் கடையில் இரண்டு நிமிடத்தில் விளக்கினார்.

"அங்கன பாரும்வே. தேக்குத் தடி ஏத்துன லாரி. ஒரு ஆளு ஓடிப் போயி தொத்துதான். லாரிக்குத் தெரியுமா? தெரியாது. அதே வேகத்துலதான் போவுது. இதே, ஒம்ம சைக்கிள்ள நான் பின்னால ஏறுனா?"

"சைக்கிள் நிற்கும்" என்றேன்.

"நிக்காதுவே. விழும்."

பரோட்டாவைப் பிய்த்துப் போட்டுக்கொண்டிருந்த கடைக்காரர் தலையை நிமிர்த்தினார். "லாரில தொத்துனவன் யாரு சார்?"

"ரோட்டுல நின்னவன்தான்."

"ரோட்டுல ஒருத்தனும் நிக்கலைன்னா?"

"ஆளில்லாத எடத்துல ஆளை உண்டாக்கி ஏத்திக்கிடும். அந்த லாரி அப்படிப்பட்டது."

"அப்போ அது தடி லாரி இல்ல சார். எலெக்சன் லாரி."

அண்ணாச்சி சிரித்துச் சிரித்துப் புரையேறித் தண்ணீர் குடித்தார். அந்த வாரம் மூன்று வகுப்புகளிலும் அதையே சொன்னார். ஒப்புமை ஓரளவுக்குத்தான் பொருந்தும், பொருந்தாத இடங்கள் இவை என்று நான் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன். அதை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, "இதையும் லாரில ஏத்திட்டேன்" என்றார்.

எழுபதுகளின் இறுதியில் வடக்கே ஒரு பல்கலைக்கழகக் குழு, வெளிநாட்டுத் துகள் முடுக்கி ஒன்றின் கற்றையில் வைத்து எடுக்கப்பட்ட எமல்ஷன் தகடுகளைப் பார்த்துத் தருவதற்குச் சிறு கல்லூரிகளில் ஆள் தேடியது. எமல்ஷன் என்பது ஒளிப்படப் பசையைத் தடிப்பாகப் பூசிய கண்ணாடி. மின்னேற்றமுள்ள துகள் அதனுள் ஊடுருவிச் சென்றால், கழுவிய பின் அதன் தடம் கரும்புள்ளிகளின் வரிசையாகத் தெரியும். கனத்த குவார்க்கைச் சுமந்த ஹேட்ரான் பெரும்பாலும் ஒரு மில்லிமீட்டர்கூடப் போகாமல் சிதைந்துவிடும். குவார்க் சேர்த்துக்கொண்ட துணை எது என்பதைப் பொறுத்து அதற்கு மின்னேற்றம் இருக்கலாம், இல்லாமலும் போகலாம். இருந்தால் மோதல் புள்ளியிலிருந்து குட்டையாக ஒரு கோடு கிளம்பிப் பிறகு பிரியும். இல்லாவிட்டால் கோடே இராது. மோதல் புள்ளிக்குச் சற்றுத் தள்ளி, எதுவுமற்ற இடத்தில், இரண்டு தடங்கள் திடீரெனக் கிளம்பும். அதற்கு நாங்கள் கவட்டை என்று பெயர் வைத்தோம். கோடுகளையும் கவட்டைகளையும் தனித்தனியே எண்ணினால் கனத்த குவார்க் எந்தத் துணையை எவ்வளவு சேர்க்கிறது என்பது தெரியும். கண்ணுக்கு அதிகம் தப்புவது கவட்டைதான்.

கல்லூரிக் கட்டடத்தில் சாரல் காலத்தில் சுவரெல்லாம் வேர்த்துவிடும். எமல்ஷன் ஈரத்தை உறிஞ்சி உப்பிவிடும். ஆகவே குத்துக்கல்வலசையில் ஒரு ஓட்டு வீட்டு மாடி அறையை எடுத்தோம். தகடுகளை மர அலமாரிக்குள் மின்விளக்கு எரியவிட்டு வைத்தோம். நுண்ணோக்கி ஒன்றுதான். வாரத்தில் மூன்று நாள் அவர் பார்ப்பார், மூன்று நாள் நான் பார்ப்பேன்.

இங்கே அந்த வேலையின் ஆதாரமான விதியைச் சொல்ல வேண்டும். ஒரே தகட்டை இருவர், ஒருவர் குறிப்பை மற்றவர் பாராமல், முழுமையாகப் பார்க்க வேண்டும். பிறகு குறிப்பேடுகளை ஒப்பிட வேண்டும். நான் கண்டதில் அவர் எத்தனையைத் தவறவிட்டார், அவர் கண்டதில் நான் எத்தனையைத் தவறவிட்டேன் என்பதிலிருந்து இருவருமே தவறவிட்டது எத்தனை இருக்கும் என்று கணக்கிட முடியும். காணாததை எண்ணுவதற்கு வேறு வழியில்லை. ஒருவர் மற்றவர் குறிப்பை ஒரு தரம் பார்த்துவிட்டால்கூடக் கணக்கு முழுவதும் செத்துவிடும். இந்த விதியை நான் அட்டையில் எழுதிச் சுவரில் மாட்டினேன். ஆளுக்கு ஒரு இழுப்பறை, ஆளுக்கு ஒரு பூட்டு. இருவரில் எவருக்காவது பார்வைத் திறன் குறைந்தால் அவர் அன்றே விலகிக்கொள்ள வேண்டும் என்றும் ஒரு வரி அதில் இருந்தது. அண்ணாச்சி அட்டையைப் படித்துவிட்டு, "இம்புட்டையும் எழுதினீரு. தும்மலாமா கூடாதான்னு எழுதலையே?" என்றார். படித்தபின் கையெழுத்திட்டார்.

அவர் அந்த விதியைக் காப்பாற்றிய காலம் ஒன்று இருந்தது. மூன்றாம் தகட்டில், மோதல் புள்ளியை ஒட்டி மிகக் குறுகலான ஒரு கவட்டையை அவர் கண்டார். நான் அதே இடத்தை முந்தைய வாரமே பார்த்துவிட்டு ஒன்றும் காணாமல் தாண்டிப் போயிருந்தேன். ஒப்பிடும் நாள் வர இருபது நாட்கள் இருந்தன. அந்த இருபது நாளும் அவர் என்னிடம் ஒரு சொல் சொல்லவில்லை. ஒப்பிட்ட அன்று, தன் நோட்டில் அந்த வரியின் மேல் விரலை வைத்துக்கொண்டு என் முகத்தையே பார்த்தார்.

"என்னவே, இதைக் காணலையா ஒம்ம நோட்டுல?"

"இல்லை அண்ணாச்சி."

"போயிப் பாரும்."

பார்த்தேன். இருந்தது. அவர் எழுந்து நின்று இரண்டு கைகளையும் உயர்த்தி, "இருவது நாளு! நீரு இதை விட்டிருப்பீருன்னு ஒரு நெனப்பு. வீட்டுல சோறு எறங்கலவே. ஒம்ம மூஞ்சியப் பாத்தாலே சிரிப்பு வருது. எங்க வாய் தவறிச் சொல்லிருவனோன்னு ஸ்டாஃப் ரூமுக்கே வராம இருந்தேன்" என்றார். அந்த இருபது நாளும் என்னோடு ஏதோ கோபம் என்று நான் நினைத்திருந்தேன்.

முதல் ஏழு தகடுகளில் ஒவ்வொன்றிலும் அவர் கண்டு நான் காணாதது ஒன்றிரண்டாவது இருக்கும். நான் கண்டு அவர் காணாததும் அதே அளவு இருக்கும். அப்படித்தான் இருக்க வேண்டும்.

எட்டாம் தகடு வந்த வருடம் சாரல் கடுமையாக இருந்தது. மாடியில் என் மேசைக்கு மேல் ஓடு ஒழுகியது. நான் மாதம் ஒருமுறை சிவகிரியில் என் தாயாரைப் பார்க்கப் போய் இரண்டு நாள் தங்குவேன். அண்ணாச்சி சொன்னார்: "நீரு போற அன்னைக்குத்தான் மழை கொட்டுது. இழுப்பறைக்குள்ள தண்ணி எறங்கினா யாரு எடுப்பா? சாவியக் குடுத்துட்டுப் போம்." சாவியைக் கொடுப்பது விதிக்குப் பொருந்துமா என்று ஒரு நாள் முழுவதும் யோசித்தேன். பொருந்தாது. ஆனால் குறிப்பேடு நனைந்தால் ஒரு வருட உழைப்பு போய்விடும். தவிரவும், இருபது நாள் வாயைத் திறக்காத மனிதர் அவர். கொடுத்தேன். அதன்பின் ஊருக்குப் போகும்போதெல்லாம் கொடுத்துவிட்டுப் போனேன். விதியை நான் வளைத்தது அந்த ஒன்றில்தான். அதையும் அவருக்காகவே வளைத்தேன்.

எட்டாம் தகடு முதல் பதினோராம் தகடு வரை எங்கள் பட்டியல்கள் வியக்கத்தக்க அளவுக்கு ஒத்துப்போயின. நான் கண்டதில் ஒன்றிரண்டை அவர் தவறவிட்டிருப்பார். அவர் கண்டு நான் காணாதது என்று ஒன்றுகூட இல்லை. அதாவது, கணக்குப்படி நான் எதையுமே தவறவிடுவதில்லை. குழுவிலிருந்து பாராட்டுக் கடிதம் வந்தது. அதை ஆசிரியர் அறையில் படித்துக் காட்டினேன். அண்ணாச்சி, "சார்வாள் கண்ணு கண்ணுல்ல, கழுகு" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஒப்பிட்டு முடித்த ஒவ்வொன்றையும் நுண்ணோக்கியில் இருவரும் மறுபடி பார்க்க வேண்டும். நான் பார்த்துவிட்டு நகர்வேன். அவர் குனிந்து பார்த்து, "அதேதாம்வே" என்பார்.

ஒருமுறை அவர் கேட்டார்: "ஒருத்தரே பாத்து அனுப்புனா ஒத்துக்கிட மாட்டாவளோ?" ஒருவர் மட்டும் பார்த்தால் விடுபட்டதை அறியவே முடியாது என்று நான் நீளமாக விளக்கினேன். அவர் முழுவதையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "வெளங்குது" என்றார். இன்னொரு முறை, "போதும்வே, நமக்கும் வயசாவுது. தகட்டை வேற யாருக்காவது குடுத்துருவோம்" என்றார். இவ்வளவு நன்றாகப் பார்க்கும்போது ஏன் விட வேண்டும் என்று கேட்டேன். அவர் எழுந்து தகட்டை அலமாரிக்குள் வைத்தார்.

பன்னிரண்டாம் தகட்டை இருவரும் பார்த்து முடித்திருந்தோம். ஒப்பிடும் நாளுக்கு முன்பே அவர் போய்விட்டார். பதினாறாம் நாள் காரியம் முடிந்த பிறகு நான் குற்றாலம் போய், அண்ணாச்சியின் மனைவி கோமதி மதினியிடம் அவருடைய இழுப்பறைச் சாவியை வாங்கி வந்தேன். தனியாக உட்கார்ந்து ஒப்பிட்டேன். வழக்கம்போல ஒத்துப்போயிற்று. அடுத்து, விதிப்படி, ஒவ்வொன்றையும் நுண்ணோக்கியில் மறுபடி பார்த்தேன்.

பதினொன்றாவது கவட்டை நாங்கள் குறித்த இடத்தில் இல்லை. சுற்றிலும் தேடினேன். ஒன்றுமில்லை, தெளிந்த எமல்ஷன். பிறகுதான் என் தவறு எனக்குப் புலப்பட்டது. நுண்ணோக்கியில் தகடு வைக்கும் மேடையின் அளவுகோலில் நாற்பத்தாறு என்று படித்ததை நான் அறுபத்துநான்கு என்று குறித்திருக்கிறேன். நாற்பத்தாறில் கவட்டை இருந்தது. நானே கண்டது, நானே தவறாக எழுதியது.

அண்ணாச்சியின் குறிப்பேட்டிலும் அறுபத்துநான்கு என்றே இருந்தது. பக்கத்தில் அவர் கையெழுத்தில், "தெளிவான கவட்டை. ஐயமில்லை."

பிறகு பழைய குறிப்பேடுகளை எடுத்து எட்டாம் தகட்டிலிருந்து வரிசையாகப் பார்த்தேன். என் இழுப்பறையைத் திறந்து என் குறிப்பைப் பார்த்து எழுதியவருக்கு ஏன் எல்லாமே கிடைக்கவில்லை? ஒன்றிரண்டு ஏன் விடுபட்டன? அவை அவர் வேண்டுமென்றே விட்டவை. இயல்பாகத் தோன்ற வேண்டும் என்று, தகட்டுக்கு இன்னின்னதை விடலாம் என்று உட்கார்ந்து தேர்ந்தெடுத்திருக்கிறார். அந்த விடுபடல்களை வைத்து நான் கணக்குப் போட்டு, தசமத்துக்குப் பின் இரண்டு இலக்கம் வரை எழுதிக் கையெழுத்திட்டு அனுப்பியிருக்கிறேன். பார்த்து எழுதியதைக்கூட நான் ஒருவேளை பொறுத்திருப்பேன். இந்தத் தேர்வை என்னால் பொறுக்க முடியவில்லை. என்னை எவ்வளவு நன்றாக அறிந்திருந்தால், நான் எதை நம்புவேன் என்று இவ்வளவு துல்லியமாகத் தெரிந்திருக்கும்!

மறுநாள் மதினியிடம் போனேன். நோட்டைப் பற்றி நான் பேச்செடுக்கும் முன்பே அவர்களுக்குப் புரிந்துவிட்டது.

"கண்டுபிடிச்சிட்டீங்களா தம்பி?"

"உங்களுக்குத் தெரியுமா மதினி?"

"சீனி கூடிப்போயி கண்ணுக்குள்ள ரத்தம் கசியுதுன்னு திருநெல்வேலி டாக்டரு சொல்லி அஞ்சு வருசமாச்சு. பேப்பர்ல தலைப்பு மட்டும்தான் தெரியும். மிச்சத்த நான் படிச்சுச் சொல்லுவேன். ஒங்க நோட்டைக்கூட லென்சு வச்சு ஒவ்வொரு எழுத்தாத்தான் பாத்து எழுதுவாவளாம். பாடமெல்லாம் மனப்பாடம், அதனால காலேஜ்ல ஒருத்தருக்கும் தெரியல."

"என்னிடம் ஏன் சொல்லவில்லை?"

"சொல்லுதேன்னுதான் ஒவ்வொரு தடவையும் கெளம்புவாவ. திரும்பி வந்து, 'சொன்னா அன்னைக்கே என்னய வெளிய அனுப்பிருவாரு, சுவத்துல எழுதிப் போட்டுருக்காரு'ன்னுவாவ. ஒங்ககிட்ட சொல்லக் கூடாதுன்னு என்கிட்ட சத்தியம் வாங்கிட்டாவ. அந்த ரூமுக்குப் போறதும் ஒங்ககூட இருக்குததும்தான் அவியளுக்கு உசுரு."

குழுவுக்கு உண்மையை எழுத வேண்டியிருக்கிறது என்றேன். அவர்கள் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள்.

"அவிய பேரு போட்டா?"

"பெயரைப் போடாமல் எழுத முடியாது மதினி."

"செத்தவருக்கு என்ன தம்பி தெரியப் போவுது, எழுதுங்க. எம்புள்ளைகளுக்குத்தான் தெரியும். அஞ்சு வருசம் எதிர்ல உக்காந்திருந்தீங்களே, கண்ணு எப்படி இருக்கு அண்ணாச்சின்னு ஒரு வார்த்தை கேட்டீங்களா? இப்போ நோட்டத் தூக்கிட்டு வந்துட்டீங்க."

நான் கேட்கவில்லை. ஆனால் அந்தக் கேள்வி, அவர் செய்ததைச் செய்யாததாக்கவும் இல்லை. பல ஊர்களில் பல கல்லூரிகள் தகடுகளைப் பார்க்கின்றன. எல்லோருடைய எண்ணிக்கையும் ஒரே கணக்கில் கலக்கிறது. நாங்கள் அனுப்பிய நான்கு தகடுகளில் விடுபட்ட கவட்டை எதுவுமே இல்லை என்று அந்தக் கணக்கு நம்புகிறது. கனத்த குவார்க் தனக்குத் துணை தேடும் விதத்தைப் பற்றி உலகம் அறிந்துகொள்ளும் எண்ணில், மிகச் சிறிய அளவே என்றாலும், எங்கள் பொய் இருக்கிறது. அண்ணாச்சிக்கு இது தெரியாததல்ல. என்னைவிட அழகாக இதைச் சொல்லக் கூடியவர்.

அவர் பார்வை போனதைச் சொல்லியிருந்தால் நான் என்ன செய்திருப்பேன் என்று இந்த நாட்களில் பலமுறை கேட்டுக்கொண்டேன். மதினி சொன்னதையே செய்திருப்பேன். அன்றே விலகச் சொல்லியிருப்பேன். ஆனால் மறுநாள் அவர் வீட்டுக்குப் போயிருப்பேன். நான் பார்ப்பதை அவருக்கு வாயால் சொல்லியிருப்பேன். கவட்டையின் கோணத்தை, நீளத்தை, எந்தப் பக்கம் சாய்கிறது என்பதை எல்லாம் சொல்லியிருப்பேன். அது விதிக்கு உட்பட்டது. அதை அவர் என்னிடமிருந்து எதிர்பார்க்கவில்லை என்பதுதான் எனக்கு ஆறவில்லை. பதினெட்டு ஆண்டுகள் பழகியும் அவருக்கு என்னில் தெரிந்தது அந்தச் சுவரில் தொங்கிய அட்டை மட்டும்தானா?

முதல் ஏழு தகடுகளுக்கு அவர் எழுதிய குறிப்பேடுகளை நான் வைத்துக்கொள்கிறேன். அவற்றில் நான் காணாத பதினேழு தடங்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றையும் மறுபடி நுண்ணோக்கியில் பார்த்தேன். பதினேழும் இருக்கின்றன. நான் அறிந்த சொக்கலிங்கம் அந்த ஏழு குறிப்பேடுகளில் இருக்கிறார். மற்ற ஐந்தில் இருப்பவரையும் இனிமேல் நான் அறிந்தாக வேண்டும்.

குழுவுக்கு எழுத வேண்டிய கடிதத்தை எழுதி முடித்துவிட்டேன். எட்டாம் தகடு முதல் இரண்டாம் பார்வை நடக்கவில்லை என்றும், அதற்குக் காரணமானவர் பெயரையும், சாவியைக் கொடுத்தவர் பெயரையும் அதில் எழுதியிருக்கிறேன். ஐந்து தகடுகளையும் என் குறிப்பைக் காணாத வேறொருவரிடம் முதலிலிருந்து பார்க்கக் கொடுக்க வேண்டும் என்று கேட்டிருக்கிறேன். வரும் ஞாயிறு காலை குற்றாலம் போய் மதினிக்கும் பிள்ளைகளுக்கும் அந்தக் கடிதத்தை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை உரக்கப் படித்துக் காட்டுவேன். அவர்கள் ஏசினால் கேட்டுக்கொள்வேன், கதவைச் சாத்தினால் வாசலில் நின்று படிப்பேன். ஒரு சொல்லையும் மாற்ற மாட்டேன். திங்கள்கிழமை அதைப் பதிவுத் தபாலில் சேர்ப்பேன்.